அக்கா மேல் போட்ட கேஸ்

இதை எழுத உட்கார்ந்து, எழுதாமல் எழுந்துபோனது எத்தனை தடவை என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு தவக்காலத்திலும் ஒரு நோட்டை எடுப்பேன். நாலு வரி எழுதுவேன். அப்புறம் பம்மல் கோயில் பூசைக்குப் போனால், எனக்கு முன்வரிசையில் அந்த மேஸ்திரியின் மகள் முக்காடு போட்டு முழந்தாளிட்டிருப்பாள். அவள் என்ன பாவம் செய்தாள்? என் பெரியவனுக்கு மூன்றாம் வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுத்தவள் அவள். வீட்டுக்கு வந்து அந்த நாலு வரியையும் கிழித்துப்போடுவேன்.

அதனால்தான் இதில் யார் பெயரும் இல்லை. என் அக்கா பெயரைக்கூட எழுதவில்லை. அவள் பெயரை எழுதினால் மற்றவர்கள் பெயரெல்லாம் தானாக வந்துவிடும். நான் ஒன்பதாவதோடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சங்கதியில் பிழை இல்லை.

அறுபதுகளின் ஆரம்பம். பம்மலில் அப்போது எங்கே திரும்பினாலும் தோல் பதனிடும் ஷெட்டுதான். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அந்த நாற்றம் தெரியவே தெரியாது. அக்காவுக்கு இருபத்திரண்டு வயசு. ஒரு ஷெட்டில் தோல் ஊறவைக்கக் கடுக்காய் உடைக்கும் வேலை. என் நைனா அதே ஷெட்டில் தோல் காயப்போடுகிறவர். எனக்குப் பதினேழு. வீட்டில் அம்மாவுக்கு ஒத்தாசை.

அந்த ஷெட்டின் மேஸ்திரி எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்தான். மாதா திருவிழாவில் தேருக்கு முன்னால் கொடி பிடித்துப் போவார். வேலைக்கு வரும் பெண்களிடம் அவர் கை சும்மா இருக்காது என்பது எல்லாப் பெண்களுக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அக்கா திறந்தாள். "திங்கக்கெழம முதலாளி வருவாரு. நேராப் போய் சொல்லப்போறேன்" என்று அந்த வாரம் முழுக்க வீட்டிலும் ஷெட்டிலும் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா, "ஏண்டி, ஊருக்குள்ள நீ ஒருத்திதான் பொண்ணா?" என்பாள். "மத்தவங்கல்லாம் பொம்மையா நிக்கிறாங்க, நானாச்சும் பொண்ணா இருக்கறேன்" என்பாள் அக்கா.

சனிக்கிழமை வேலைக்குப் போனவள் திரும்பவில்லை. ஞாயிறு விடியக்காலம் கீரைத் தோட்டத்துக் கிணற்றில் கிடந்தாள். தண்ணீர் இறைக்கப் போனவர்கள் பார்த்துத் தூக்கி, கட்டிலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். போலீஸ் வரும்வரை அங்கேயே விட்டுவைக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். பூசை முடிந்ததும் சாமியார் வந்து, அடக்கத்துக்கு முன் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அதற்குள் பிள்ளையைச் சுத்தமாக்கி வைக்கவேண்டும்.

நான்தான் அவள் தலையைக் கழுவினேன். மயிரெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கட்டி. காதுக்குள்ளும் வெள்ளை. கிணற்றுப் பாசி என்று நினைத்தேன். சீயக்காய் போட்டு மூன்று தடவை அலசினேன். பின்மண்டையில் விரல் பட்டபோது ஒரு இடம் மெத்தென்று இருந்தது. "அம்மா, இங்க பாரேன்" என்றேன். "கெணத்துல கல்லு பட்டிருக்கும், சீக்கிரம் ஊத்து, சாமி வந்துடுவாரு" என்றாள். அவள் கட்டியிருந்த பச்சைப் புடவையைத் துவைத்து, வழக்கப்படி ஒரு ஏழைக் கிழவிக்குக் கொடுத்தோம். அக்காவுக்கு வெள்ளைப் புடவை கட்டி, கையில் செபமாலையைச் சுற்றி, நடுவீட்டில் கிடத்தினோம்.

இரண்டு வாரம் கழித்து நைனாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். தோலில் மயிர் உதிர்வதற்காக ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியைத் தாண்டிப் போகும்போது கால் நின்றுவிட்டது. குழி ஓரத்தில் காய்ந்து கிடந்த வெள்ளைக் கட்டியைப் பார்த்தேன். கீரைத் தோட்டத்துக் கிணற்றில் ஏது சுண்ணாம்பு? சாட்சியை என் கையாலேயே, மூன்று தண்ணீர் விட்டு அலசியிருக்கிறேன்.

போலீஸ் கதைக்கு வருகிறேன். ஞாயிறு மத்தியானம் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர், ஒரு ரைட்டர், கிராம முன்சீப். கூடவே மேஸ்திரி. "நம்ம ஷெட்டுப் பொண்ணு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டர் கிணற்றுப் பக்கம் போகவே இல்லை. தவக்காலத்து வெயிலில் அந்தக் கிணற்றில் இடுப்பளவுதான் தண்ணீர். எட்டிப் பார்த்திருந்தால், குதித்துச் சாக அதில் தண்ணீர் எங்கே என்று அவருக்கே கேட்கத் தோன்றியிருக்கும். முருங்கை மரத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அம்மாவைக் கூப்பிட்டார்.

"பொண்ணுக்கு வயித்து வலி கிது உண்டா?"

"இல்லீங்க ஐயா."

"நல்லா யோசிச்சு சொல்லு. வயசுப் பொண்ணு. வயித்து வலி இல்லாம இருக்குமா?"

"மாசத்துல ஒரு நாள் வலிக்கும், எல்லாருக்கும் வலிக்கிறாப்பல…"

"அப்படிச் சொல்லு. எழுதிக்கய்யா."

அவ்வளவுதான் விசாரணை. அந்தக் காலத்தில் கிணற்றில் கிடந்த பெண்ணுக்கெல்லாம் வயிற்று வலி. வயிற்று வலி தாங்கமுடியாமல் கிணற்றில் விழுந்து தற்கொலை. ஒரு மனுஷி செத்துப்போனதற்கு இவர்கள் கையிருப்பில் வைத்திருந்தது அந்த ஒரு வரிதான்!

அப்புறம் நைனாவைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்கள். அதில் ஒரு எழுத்தும் இல்லை. நைனா தயங்கினார். என்ன எழுதப்போகிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அவர் கேட்டது வேறு.

"ஐயா, கையெழுத்து போடலன்னா?"

"போடலன்னா செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போவணும். அங்க கூறு போட்டு, மூட்டை கட்டிக் குடுப்பாங்க. எப்படி வசதி?"

நைனா அன்றாடம் செபமாலை சொல்லும் மனுஷன். கடைசி நாளில் எல்லோரும் சரீரத்தோடு உயிர்த்தெழுவோம் என்று நம்புகிறவர். மகள் கூறுபோட்ட உடம்போடு எப்படி எழுந்திருப்பாள்? அந்த ஒரு பயத்தில் போட்டார் கையெழுத்து. போட்டுவிட்டு இன்ஸ்பெக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அறுக்காமல் விட்டாரே என்று நன்றி.

அந்தத் தாளில் என்ன எழுதினார்கள் என்பது சாயந்திரம்தான் எங்களுக்குத் தெரிந்தது. கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"சாமியாருக்கு முன்சீப் சொல்லிட்டாரு. தற்கொலைன்னு ரிப்போர்ட்டாம். தகப்பனே கையெழுத்து போட்டிருக்காராம். மந்திரிக்க முடியாதுன்னுட்டாரு. கல்லறைத் தோட்டத்துக்குள்ள எடமும் கெடையாது."

நைனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உடம்பு முழுசாக இருக்கவேண்டும் என்று போட்ட கையெழுத்து, அந்த உடம்பை ஆண்டவருடைய மண்ணுக்கு வெளியே தள்ளிவிட்டது. கோயில் மணி அடிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, கத்தாழை வேலி ஓரத்தில், நாலு பேர் குழி தோண்டிப் புதைத்தோம். யாரும் செபம் சொல்லக் கூடாது என்றார்கள். அம்மா சொன்னாள். சத்தமாகவே சொன்னாள்.

சாமியார் சட்டப்படி செய்தார் என்பார்கள். இருக்கட்டும். தன் பங்குப் பிள்ளை ஒருத்தி செத்தால், போலீஸ்காரன் தாளை நம்புகிற சாமியார், பெற்றவள் முகத்தை ஒரு தடவை பார்த்து, "என்னம்மா நடந்தது?" என்று கேட்கக் கூடாதா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேன். மன்னிக்கச் சொன்னார்கள். முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

சுண்ணாம்பை நான் கண்ட அன்றைக்கே நைனாவிடம் சொன்னேன். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனார். "நீதானேய்யா கையெழுத்து போட்டே? இப்ப வந்து கொலைன்றே? பொய் சாட்சின்னு உன்னையே உள்ள வெச்சிடுவேன்" என்று துரத்திவிட்டார்கள். அதற்கப்புறம் நைனா பூசையில் சாமியார் கையால் நன்மை வாங்கவே போகவில்லை. கோயிலில் கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்பார். நாலு வருஷத்தில் போய்ச்சேர்ந்தார். அவருக்கு மணி அடித்தது, உள்ளே இடம் கிடைத்தது. மேஸ்திரிதான் முன்னால் நின்று எல்லாம் பார்த்துக்கொண்டார்.

எனக்குக் கல்யாணமாகி மேற்குத் தாம்பரம் வந்தேன். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை. பிள்ளைகள், அடுப்பு, தண்ணீர்க் குழாய்ச் சண்டை என்று வருஷங்கள் போயின. எழுபதுகளின் பின்பாதியில் மேஸ்திரி செத்துப்போனார். பெரிய சாவு. கல்லறைத் தோட்டத்தின் நடுவில், நடைபாதைக்குப் பக்கத்திலேயே, சலவைக்கல் வைத்த கல்லறை. 'நீதிமான்' என்று கல்லில் வெட்டியிருந்தார்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் ஒரு அம்மாள் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். அக்காவோடு பக்கத்தில் உட்கார்ந்து கடுக்காய் உடைத்தவள். உள்ளே வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"அவன் பூட்டான். இனிமே எனக்கு இன்னா பயம்? சொல்லிட்டுப் பூடறேன்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை வேலை விட்டதும் எல்லாப் பெண்களும் கிளம்பினார்களாம். மேஸ்திரி அக்காவை மட்டும் நிற்கச் சொன்னாராம். இவள் பாதி வழியில் தூக்குச்சட்டியை மறந்தது ஞாபகம் வந்து திரும்பிப் போயிருக்கிறாள். சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டும் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மேஸ்திரி நின்றாராம். அக்கா தலை குழிக்குள், கால் வெளியே. இவள் தூக்குச்சட்டியை எடுக்காமலே ஓடிவந்துவிட்டாளாம்.

நான் கத்தினேன். அக்கம்பக்கம் வந்து எட்டிப் பார்த்தது. "பதினாறு வருஷம்! பதினாறு வருஷம் வாயில இன்னா வெச்சிருந்தே? எங்க நைனா தூணுக்குப் பின்னாடி நின்னு நின்னு செத்தாரே, அன்னிக்கு வந்து சொல்லக்கூடாதா?"

"மறுநா இன்ஸ்பெட்டரு எழுதிகினு இருந்தப்போ, ஒங்க வூட்டு வாசல்ல அவன்தான் நின்னுகினு இருந்தான். என்னியே பாத்துகினு இருந்தான். எனக்கும் நாலு புள்ளைங்க கீதும்மா" என்றாள். 'என்னை அடி' என்று தலை குனிந்துகொண்டாள். எனக்கு அடிக்கக் கை வரவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட்டேனா இல்லையா என்றுகூட நினைவில்லை.

வீட்டுக்காரர் சாயந்திரம் வந்ததும் சொன்னேன். யோசித்தார். "செத்தவன் மேல கேஸ் போட்டு இன்னாம்மா பண்ணப்போற? கல்லறையில இருந்து எழுப்பி விலங்கா மாட்டுவாங்க?"

"அவன் மேல போட இல்லீங்க. எங்க அக்கா மேல ஒரு கேஸ் போட்டு வெச்சிருக்காங்க இல்ல, அத எடுக்கணும்."

மனுவை அவரே நல்ல கையெழுத்தில் எழுதினார். லீவு போட்டுக் கூட வந்தார்.

முதலில் எங்கள் பக்கத்து ஸ்டேஷன். அங்கே இருந்த ஏட்டு மனுவைப் பாதி படித்துவிட்டுச் சிரித்தார். "யம்மா, உயிரோட கீறவன் கேஸே இங்க தூங்கினு கீது. செத்தவன் செத்தவளக் கொன்னான்னு எடுத்துகினு வந்துட்ட. வூட்டுக்குப் போய் சோறாக்கு." இப்படி நாலு தடவை. ஒரு தடவை இரண்டு மணி நேரம் நிற்கவைத்து, பெஞ்சில் பூனை படுத்திருக்கிறது, எழுப்பாதே என்றார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பூனைக்கு இருந்த மரியாதை எங்களுக்கு இல்லை.

ஐந்தாம் தடவை அங்கே போகவில்லை. செங்கல்பட்டு ரயில் ஏறினோம். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் வண்டி வெகுநேரம் நின்றது. "மாதாவே, இன்னிக்கு ஒரே ஒரு மனுஷனைக் கண்ணுல காட்டு" என்று வேண்டிக்கொண்டேன். காட்டினாள். புதிதாக வந்திருந்த ஒரு டி.எஸ்.பி. சின்ன வயசு. உட்காரச் சொன்னார். பதினாறு வருஷத்தில் எங்களை உட்காரச் சொன்ன முதல் காக்கிச்சட்டை. பழைய கேஸ் கட்டைத் தேடி எடுக்க மூன்று வாரம் ஆனது. திரும்பக் கூப்பிட்டனுப்பினார். தாள் ஓரமெல்லாம் செல் அரித்திருந்தது. எனக்கு முன்னாலேயே வாய்விட்டுப் படித்தார்.

"'பிரேதம் கிணற்று நீரில் மிதந்த நிலையில் காணப்பட்டது. வெள்ளைப் புடவை அணிந்து, வலது கையில் செபமாலை சுற்றப்பட்டு, தலைமயிர் எண்ணெய் தடவிப் படிய வாரப்பட்டு…'" நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, உங்க அக்கா வெள்ளைப் புடவை கட்டிக்கிட்டு, தலை வாரிக்கிட்டா கிணத்துல விழுந்தாங்க?"

"இல்ல சார். பச்சைப் புடவை. வெள்ளை நாங்க கட்டினது. தலை நான் வாரினது."

அவர் முகம் சிவந்துபோனது. கிணற்றில் பார்த்ததாக எழுதியவன் கிணற்றைப் பார்க்கவே இல்லை. எங்கள் நடுவீட்டில் கிடத்தியிருந்ததைப் பார்த்து எழுதி, மேலே கிணறு என்று போட்டுவிட்டான். கீழே பஞ்சாயத்தார் ஐந்து பேர் கையெழுத்து. முதல் கையெழுத்து நைனாவுடையது. மூன்றாவதைப் பார்த்தேன். அதன் மேல் விரலை வைத்தேன்.

"இது யாரும்மா?" என்றார்.

"அவர்தான் சார் மேஸ்திரி."

கொன்றவனே சாட்சிக் கையெழுத்து போட்டிருக்கிறான், தற்கொலை என்று! அந்த டி.எஸ்.பி. ரைட்டரைக் கூப்பிட்டு, வழக்கை மறுபடி திறக்க மேலே எழுதச் சொன்னார்.

தாசில்தார், டாக்டர் முன்னிலையில் மதிலுக்கு வெளியே தோண்டினார்கள். நான் நிற்கவேண்டாம் என்றார்கள். நின்றேன். டாக்டர் மண்டையோட்டைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் ஒரு குழிவு, அதிலிருந்து மூன்று விரிசல். பதினேழு வயசில் என் விரல் பட்ட அதே இடம். கிணற்றுக் கல்லாக இருக்குமோ என்று தாசில்தார் கேட்டார். டாக்டர், "மழுங்கின, உருண்டையான கட்டையால பலமா அடிச்ச மாதிரி இருக்கு. விழுந்து பட்டதில்ல" என்றார். கடுக்காய் உடைத்த அந்த அம்மாளும் வந்து, இந்தத் தடவை பயப்படாமல், எல்லாவற்றையும் சொன்னாள்.

பழைய இன்ஸ்பெக்டர் ரிட்டையராகித் திடமாகத்தான் இருந்தார். விசாரித்தபோது, "அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம்" என்றாராம். அவ்வளவுதான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் எழுதினார்களாம்! அப்படியானால் எத்தனை கிணறுகளில் எத்தனை அக்காமார்? அவர்களுக்கெல்லாம் மனு எழுத வீட்டுக்காரர் இருந்தாரா, உட்காரச் சொல்ல ஒரு அதிகாரி வந்தாரா?

கடைசியில் ஒரு உத்தரவு வந்தது. இது கொலை. தற்கொலை என்ற முடிவு ரத்து. குற்றம் செய்ததாகக் கருதப்படுகிறவர் இறந்துவிட்டதால் மேல் நடவடிக்கை இல்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராகப் பம்மல் கோயிலுக்குப் போனேன்.

சாமியார் புதியவர், நல்லவர். படித்துவிட்டு, "உள்ளே கொண்டுவந்து அடக்கம் பண்ணுவோம்மா, நானே மந்திரிக்கிறேன்" என்றார். பங்குப் பெரியவர்கள் கூடினார்கள். அவர்களும் மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் நைச்சியமாகச் சொன்னார்: "வரட்டும்மா, தாராளமா வரட்டும். சாவுப் பதிவேட்டுல மட்டும் 'விபத்து'ன்னு எழுதிடுவோம். மேஸ்திரி பெரியவரோட குடும்பம் இருக்கு. கோயிலுக்கு எவ்வளவோ செஞ்சவங்க. உனக்கு வேண்டியது எடம்தானே?"

"எடம் வேணும்னா என் புருஷன் வாங்கின மனையில புதைச்சிருப்பேன்" என்றேன். "பொய் எழுதித்தான் வெளிய போட்டீங்க. இன்னொரு பொய் எழுதி உள்ள எடுக்கவேணாம். கொலைன்னு எழுதுனா எடுங்க. இல்லன்னா அவ வெளியவே இருக்கட்டும். ஆண்டவருக்கு மதில் தாண்டத் தெரியும்."

சாமியார் பேனாவைத் திறந்தார். உத்தரவில் இருந்தபடியே, எல்லோர் முன்னாலும், பதிவேட்டில் எழுதினார். அடுத்த சனிக்கிழமை கோயில் மணி அடித்தது. அம்மா தள்ளாத வயசில் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். இந்தத் தடவை அவள் செபம் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

இதோடு விட்டிருப்பேன். ஆனால் பதிவேடு பெட்டிக்குள் இருக்கிறது. ஜனங்கள் வாய் வெளியே இருக்கிறது. போன வருஷம் ஒரு கல்யாணத்தில் பக்கத்து இலையில் இருந்தவள், நான் யார் என்று தெரியாமல் என்னிடமே சொன்னாள்: பம்மலில் அந்தக் காலத்தில் ஒரு பெண் மேஸ்திரியை விரும்பினாளாம், அவர் மறுத்தாராம், அதனால் செத்தாளாம். இன்னொருத்தி, அவளுக்குப் பேய் பிடித்திருந்தது என்றாள். நான் இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன். வந்து நோட்டை எடுத்தேன். மேஸ்திரியின் மகளை நினைத்தேன். அவளுக்காகவும் செபம் சொன்னேன். ஆனால் இந்தத் தடவை கிழிக்கவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது சொல்வதானால், இருக்கிறபடியே சொல்லுங்கள். இரக்கப்பட்டு ஒரு வார்த்தை கூட்டவேண்டாம், யாருக்காகவோ பயந்து ஒரு வார்த்தை குறைக்கவும் வேண்டாம். அவள் யாரையும் விரும்பவில்லை. நடந்ததை முதலாளியிடம் சொல்லப்போகிறேன் என்றாள். அதற்காக மேஸ்திரி அவளைக் கொன்றார். இவ்வளவுதான் சேதி. இதை இப்படியே கொடுத்துவிடுங்கள்.